சிவப்பு என்றாலே சீட்டுக் கிழிந்த காலம்

1950 மே 1ஆம் தேதி, காலை ஆறு மணி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், காகித ஆலையை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த மோசினி என்ற சிற்றூர். மேயர் ரால்ஃப் க்ரோனென்வெட்டரின் வீட்டுக்குத் துப்பாக்கியோடு வந்த சிலர், இரவு உடையைக்கூட மாற்றவிடாமல் அவரை வெளியே இழுத்துவந்து, ஊர் இனி கம்யூனிஸ்ட் கட்சியின் வசம் என்று அறிவித்தார்கள். காவல் துறைத் தலைவர் ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’. பாதிரியார்கள் முள்வேலி முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். நூலகத்திலிருந்து ‘ஆகாத’ புத்தகங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. உணவகங்களில் அன்று கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும்தான். உள்ளூர்ப் பத்திரிகை இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகி வந்தது.

அத்தனையும் நாடகம். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக, முன்னாள் ராணுவத்தினரின் அமைப்பான அமெரிக்கன் லீஜன் ஊரையே மேடையாக்கி நடத்திய ஒருநாள் கூத்து. வசனமும் இயக்கமும் கட்சியைவிட்டு வெளியே வந்த முன்னாள் கம்யூனிஸ்டுகளின் உபயம். அவர்களில் ஒருவரான பெஞ்சமின் கிட்லோ, ஒருகாலத்தில் அதே கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர். நாடு முழுவதிலுமிருந்து பத்திரிகையாளர்கள் வந்து குவிந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கம்யூனிஸ்ட் பிரசுரங்களைத் தீயிலிட்டு, தேசபக்திப் பாடல்களைப் பாடிக் கலைந்தார்கள். அன்று மாலை மேயர் உடல்நலம் குன்றிச் சரிந்தார்; சில நாட்களில் இறந்துபோனார்.

விஸ்கான்சின்தான் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் மாநிலமும். மோசினி கூத்துக்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசிய அவர், வெளியுறவுத் துறைக்குள் இருக்கும் 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் சொன்னார். சில நாட்களில் 205 என்பது 57 ஆனது. செனட்டில் பேசும்போது 81 ஆனது. பட்டியலைக் கடைசிவரை யார் கண்ணிலும் அவர் காட்டவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகள் அமெரிக்க அரசியல் அந்தப் பட்டியலைச் சுற்றியே ஓடியது.

இவ்வளவுக்கும் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி எவ்வளவு பெரியது? சோவியத் ஒன்றியம் அமெரிக்காவின் நேச நாடாக இருந்த போர்க்காலத்தில்கூட அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியதில்லை. 1950இல் நாட்டின் மக்கள்தொகை 15 கோடி. 1957 வாக்கில் கட்சி சுமார் பத்தாயிரம் பேராகச் சுருங்கியிருந்தது. அதிலும் கணிசமானவர்கள் எஃப்பிஐ அனுப்பிவைத்த ஒற்றர்கள்.

அப்படியானால் பயம் முழுக்கக் கற்பனையா? இல்லை. 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் சீனா மாவோவின் கைக்குப் போனது. மறு ஆண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலைபார்த்த கிளாஸ் ஃபுக்ஸ், சோவியத்துக்கு ரகசியங்களைக் கொடுத்ததாக 1950இல் பிரிட்டனில் ஒப்புக்கொண்டார். 1953இல் மனைவியோடு மின்சார நாற்காலியில் கொல்லப்பட்ட ஜூலியஸ் ரோசன்பர்க் உண்மையிலேயே உளவாளிதான் என்பதை, 1995இல் வெளியான வெனோனா ஆவணங்கள் (சங்கேதம் உடைக்கப்பட்ட சோவியத் தந்திகள்) உறுதிசெய்தன. இடதுசாரிகள் பலர் நாற்பது ஆண்டுகள் இதை ஏற்க மறுத்தது அவர்களுக்குப் பெருமை சேர்க்கவில்லை.

ஆனால், அந்த உளவாளிகளைக் கண்டுபிடித்தவர்கள் யார்? சோவியத் தந்திகளின் சங்கேதத்தை உடைத்த நிபுணர்களும், 1945இல் மனம் மாறி எஃப்பிஐயிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிய எலிசபெத் பென்ட்லி போன்ற முன்னாள் உளவாளிகளும்தான். மெக்கார்த்தி வாயைத் திறந்த நேரத்தில் அந்த வலைப்பின்னலின் பெரும்பகுதி ஏற்கெனவே அறுபட்டிருந்தது. அவர் விரல் நீட்டிய யாரும் உளவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. விசாரணைக் குழுக்களிடம் சிக்கியவர்கள் வேறு ரகம்: பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், திரைக்கதை எழுத்தாளர்கள், தொழிற்சங்கச் செயலாளர்கள், 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள்.

கேள்வி கேட்பது அரசு, வேலையைப் பறிப்பது முதலாளி

மெக்கார்த்தியின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது அமெரிக்கர்களுக்கே வசதியான பழக்கம். குடிகாரர், பொய்யர் என்று அவரை ஒதுக்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். அது சரியான கணக்கு இல்லை. அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சுற்று நடந்திருந்தது. 1919இல் அட்டர்னி ஜெனரல் மிட்செல் பால்மரின் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. ரஷ்யப் புரட்சியின் சூடும் ஆறவில்லை. ஆயிரக்கணக்கான குடியேறிகள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். எம்மா கோல்ட்மன் உட்பட 249 பேர் ஒரே கப்பலில் நாடுகடத்தப்பட்டார்கள். 1920 மே 1 அன்று புரட்சி வெடிக்கும் என்று பால்மர் எச்சரித்தார். நியூயார்க் போலீஸ் ராப்பகலாகக் காவல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாடு சிரித்தது, பால்மரின் ஜனாதிபதிக் கனவு கலைந்தது. ஆனால், அந்தக் கைதுகளுக்குக் கோப்பு தயாரித்த 24 வயது அதிகாரி அலுவலகத்திலேயே தங்கிவிட்டார். பெயர் ஜே.எட்கர் ஹூவர். 1924 முதல் 1972இல் சாகும்வரை 48 ஆண்டுகள் எஃப்பிஐயின் தலைமை நாற்காலி அவருடையது.

இரண்டாவது சுற்றைத் தொடங்கிவைத்தவரும் மெக்கார்த்தி இல்லை. ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி ட்ரூமன். 1947 மார்ச்சில் அவர் போட்ட உத்தரவின்படி மத்திய அரசு ஊழியர் ஒவ்வொருவரின் விசுவாசமும் சோதிக்கப்பட்டது. குடியரசுக் கட்சியின் வாயை அடைக்கப் போட்ட உத்தரவு அது. வாய் அடையவில்லை, இன்னும் அகலமாகத் திறந்தது.

அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பதற்கு டொரத்தி பெய்லியின் வழக்கு போதும். வேலைவாய்ப்புத் துறையில் இருந்த அவரைக் கம்யூனிஸ்ட் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்பது அவருக்குச் சொல்லப்படவில்லை. விசாரித்த வாரியத்துக்கே தெரியாது. வாரியம் அவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: கறுப்பர் ரத்தம், வெள்ளையர் ரத்தம் என்று ரத்த வங்கியில் பிரித்து வைப்பதைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எப்போதாவது கடிதம் எழுதினீர்களா? வேலை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1951இல் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பே நின்றது. போன வேலை திரும்பவில்லை.

இந்தக் காலத்தில் சிறைக்குப் போனவர்கள் சில நூறு பேர். கொல்லப்பட்டவர்கள் இருவர். வேலையை இழந்தவர்களோ பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஸ்டாலினின் முகாம்களோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால், பேச்சுரிமையை அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமாகவே எழுதிவைத்திருக்கும் நாட்டை ஸ்டாலினை அளவுகோலாக வைத்தா அளப்பது?

அமெரிக்க முறையின் சாமர்த்தியம், அதில் சட்டத்துக்கு அதிக வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான். நாடாளுமன்றக் குழு ஒருவரைக் கூப்பிட்டு, கட்சியில் இருக்கிறாயா, இருந்தாயா என்று கேட்கும். பதில் சொல்ல மாட்டேன், அது என் பேச்சுரிமை என்றால் அவமதிப்புக் குற்றம், ஜெயில். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல முடியாது என்று ஐந்தாவது திருத்தத்தைக் காட்டினால் ஜெயில் இல்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும், அதற்கடுத்த நாள் வேலை போகும். சரி, என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றால் அந்தப் பாதுகாப்பு உதிர்ந்துவிடும். கூட இருந்தவர்களின் பெயர்களையும் சொல்லியாக வேண்டும். குழுவிடம் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தன. அதற்குத் தேவைப்பட்டது தகவல் இல்லை. நண்பனைக் காட்டிக்கொடுத்தான் என்ற காட்சிதான்.

ஹாலிவுட் கதை ஊரறிந்தது. 1947 அக்டோபரில் பேச்சுரிமையைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்துப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் வேலைக்கு வைப்பதில்லை என்று ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி முடிவெடுத்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பத்துப் பேரில் ஒருவரான டால்டன் ட்ரம்போ புனைபெயர்களில் எழுதிப் பிழைத்தார். 1957 ஆஸ்கர் விழாவில் ‘தி பிரேவ் ஒன்’ கதைக்காக ராபர்ட் ரிச் என்பவருக்குப் பரிசு அறிவித்தார்கள். வாங்கிக்கொள்ள ராபர்ட் ரிச் வரவில்லை. அப்படி ஓர் எழுத்தாளரே இல்லை; எழுதியவர் ட்ரம்போ. சார்லி சாப்ளின் 1952இல் லண்டனுக்குக் கப்பலேறியதும் அவர் திரும்பி நுழைவதற்கான அனுமதியை ரத்து செய்தார்கள். 1972இல் கௌரவ ஆஸ்கர் வாங்கத்தான் மறுபடி வந்தார்.

கேலிக்கூத்துகளுக்கும் குறைவில்லை. 1938இல், அரசு நாடகத் திட்டத்தின் தலைவி ஹாலி ஃபிளனகன் தன் கட்டுரையில் கிறிஸ்டோஃபர் மார்லோவைக் குறிப்பிட்டிருந்ததைப் பார்த்த எம்பி ஒருவர், இந்த மார்லோ கம்யூனிஸ்டா என்று விசாரித்தார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் என்று அந்த அம்மையார் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். மறு ஆண்டே அந்த நாடகத் திட்டத்துக்கு நிதி நிறுத்தப்பட்டது. சின்சினாட்டி ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணி 1953இல் தன் பெயரை ரெட்லெக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இந்தியானா மாநிலத்தில் பாடநூல் குழு உறுப்பினர் ஒருவர், பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் ராபின் ஹூட் கதையைப் பள்ளிகளிலிருந்து நீக்கச் சொன்னார். பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதும் கம்யூனிஸ்ட் சதி என்றொரு கூட்டம் கிளம்பியது.

வெடித்தது வீடு, குற்றவாளி வாங்கிக்கொடுத்தவர்

சிரிக்க முடியாத கதை ஒன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் நடந்தது. 1954இல் ஆண்ட்ரூ வேடு, சார்லட் வேடு என்ற கறுப்பினத் தம்பதி புறநகரில் வீடு வாங்க அலைந்தார்கள். விற்பார் இல்லை. கார்ல் பிரேடன், ஆன் பிரேடன் என்ற வெள்ளைக்காரத் தம்பதி அந்த வீட்டைத் தங்கள் பெயரில் வாங்கி அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நிறவெறியர்கள் பக்கத்தில் சிலுவையைக் கொளுத்தினார்கள், ஜன்னல்களைச் சுட்டார்கள், ஜூன் மாதம் ஓர் இரவில் டைனமைட் வைத்து வீட்டைத் தகர்த்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணை வந்தது. குண்டு வைத்தவர்கள் யாரும் நீதிமன்றம் ஏறவில்லை. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் சண்டை மூட்டிவிடக் கம்யூனிஸ்டுகள் போட்ட திட்டமே இந்த வீடு வாங்கிய விவகாரம் என்றது அரசுத் தரப்பு. பிரேடன் வீட்டுப் புத்தக அலமாரியே சாட்சியப் பொருளானது. பத்திரிகை அலுவலகத்தில் வேலைபார்த்த கார்ல் பிரேடனுக்கு ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பதினைந்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். சில மாதங்கள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தார். 1956இல்தான் தண்டனை ரத்தானது.

தென் மாநிலங்களில் நிறவெறியைக் காப்பாற்ற இதைவிட வாகான ஆயுதம் கிடைக்கவில்லை. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை, ‘கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் கிங்’ என்ற வாசகத்தோடு நெடுஞ்சாலைகளில் பெரிய பெரிய பலகைகளாக நட்டுவைத்தார்கள். கிங்கின் ஆலோசகர் ஸ்டான்லி லெவிசன் ஒருகாலத்தில் கட்சியோடு தொடர்புடையவர் என்பதைக் காரணம் காட்டித்தான் ஹூவர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கினார்.

அரசு அலுவலகங்களிலிருந்து ஓரினச் சேர்க்கையாளர்களைத் துரத்தியதும் இதே கணக்கில்தான். ரகசியத்தை வைத்து மிரட்டி ரஷ்யர்கள் அவர்களை மடக்கிவிடுவார்களாம். 1953இல் ஐசன்ஹோவர் போட்ட உத்தரவுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியலாளர் ஃபிராங்க் கேமனி 1957இல் ராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்டார். அரசு அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2009இல்.

ஆனால், தனி மனிதர்களின் துயரத்தைவிட நீண்ட நாள் நீடித்த சேதம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஹாலிவுட் படம் எடுப்பதில்லை. எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை ட்ரூமன் 1945இல் முன்வைத்தார். 1948 தேர்தலில் வென்றதும் மறுபடி கையில் எடுத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் வசூலித்து, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த விட்டேக்கர் - பாக்ஸ்டர் என்ற கணவன் - மனைவி விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. அவர்கள் திட்டத்தின் விவரங்களோடு மல்லுக்கட்டவில்லை. அதை சோஷலிச மருத்துவம் என்று அழைத்தார்கள், அவ்வளவுதான். மருத்துவத்தைப் பொதுவுடைமையாக்குவதே சோஷலிச அரசின் மூலைக்கல் என்ற அர்த்தத்தில் லெனின் சொன்னதாக ஒரு வரியைத் துண்டறிக்கையில் போட்டார்கள். லெனின் எழுத்துகளில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று நாடாளுமன்ற நூலகம் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை. திட்டம் செத்தது.

1961இல் முதியோருக்கான காப்பீட்டுக்கு எதிராகவும் அதே மருத்துவச் சங்கம் கிராமபோன் தட்டு வெளியிட்டது. பேசியவர் அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். டாக்டர்களின் மனைவிமார்கள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்து அந்தத் தட்டைப் போட்டுக்காட்டினார்கள். 1965இல் முதியோருக்குக் காப்பீடு வந்தது. எல்லோருக்குமான திட்டம் இன்றுவரை வரவில்லை. 2023இல் சுமார் 2.6 கோடி அமெரிக்கர்களுக்கு எந்தக் காப்பீடும் இருக்கவில்லை. இதற்குக் கம்யூனிச பயம் மட்டுமே காரணமில்லை. டாக்டர்களின் வருமானம், காப்பீட்டு நிறுவனங்களின் லாபம், அரசு பணம் வந்தால் ஆஸ்பத்திரியில் கறுப்பரையும் சேர்க்க வேண்டியிருக்குமே என்ற தென் மாநிலத் தலைவர்களின் கவலை, எல்லாம் சேர்ந்துதான் தடுத்தன. ஆனால், அந்த உள்நோக்கங்களில் எதையும் வெளியே சொல்லி வாக்கு வாங்க முடியாது. கம்யூனிசம் என்று சொல்லி வாங்க முடிந்தது.

தொழிற்சங்கங்களுக்கும் இதே கதி. 1947இல் வந்த டாஃப்ட் - ஹார்ட்லி சட்டப்படி சங்க நிர்வாகிகள் தாங்கள் கம்யூனிஸ்ட் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 1949-50இல் சிஐஓ கூட்டமைப்பு தன் சொந்தச் சங்கங்கள் பதினொன்றை வெளியே தள்ளியது. வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பதில் முன்னால் நின்ற சங்கங்கள் சில அவற்றில் இருந்தன. 1950களின் நடுவில் தொழிலாளர்களில் மூவரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர்.

துரத்திவிட்ட ராக்கெட் விஞ்ஞானி

எதிரிக்குப் பயந்து எதிரியையே பலப்படுத்திய கதைக்குச் சியான் சுவேசென் உதாரணம். 1935இல் சீனாவிலிருந்து படிக்க வந்தவர், கால்டெக்கில் பேராசிரியர், புகழ்பெற்ற ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் அந்தஸ்தில் ஜெர்மனிக்குப் போய், ஹிட்லரின் ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரானை விசாரித்தவர். 1930களில் பாசடீனாவில் கம்யூனிஸ்டுகளின் கூட்டத்துக்குப் போனார் என்று 1950இல் அவரது பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்றார், போகவும் விடவில்லை. இரண்டு வாரம் காவலில் வைத்தார்கள். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பு. 1955இல், கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளை விடுவிப்பதற்கான பேச்சுவார்த்தையின்போது சீனாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே போய் அவர் சீன ஏவுகணைத் திட்டத்தைக் கட்டியெழுப்பினார். 1966இல் சீனா அணுகுண்டு பொருத்திய ஏவுகணையைச் சோதித்தது. 1970இல் செயற்கைக்கோளை அனுப்பியது. அமெரிக்கா செய்ததிலேயே ஆகப் பெரிய முட்டாள்தனம் இதுதான் என்று கருதியவர் வேறு யாரும் இல்லை, கடற்படை அமைச்சராகவே இருந்த டான் கிம்பல்.

வெளியுறவுத் துறையில் சீனாவை அறிந்தவர்களின் நிலையும் இப்படித்தான் ஆனது. ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் போன்ற அதிகாரிகள் 1944இலேயே, அன்றைய சீன ஆட்சியாளர் சியாங் கே ஷேக் தேறமாட்டார், மாவோவின் படைதான் வளர்கிறது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னபடியே நடந்தது. அதனால் சீனாவைத் தொலைத்தவர்களே அவர்கள்தான் என்றாகிவிட்டது. சர்வீஸ் நியூயார்க்கில் நீராவிக் கருவி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டேவிஸ் பெரு நாட்டுக்குப் போய் மேசை நாற்காலி செய்தார். பத்து ஆண்டு கழித்து அமெரிக்கா வியட்நாமில் இறங்கியபோது, ஆசியாவைப் பற்றி எச்சரிக்க அனுபவசாலிகள் யாரும் அரசுக்குள் மிச்சமில்லை என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 1995இல் தன் நூலில் வருந்தினார். வியட்நாமில் 58,000 அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியர்களும் இறந்து முடிந்திருந்தார்கள்.

இந்தியாவுக்கும் ஒருவர் மிஞ்சினார். பெனிசில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதார வரலாறு கற்பித்த டேனியல் தார்னர், செனட் குழு முன்னால் சக ஆய்வாளர்களின் பெயரைச் சொல்ல மறுத்ததால் வேலையை இழந்தார். அவரும் மனைவி ஆலிஸும் 1960வரை பம்பாயில் தங்கி, கிராமம் கிராமமாகப் போய் நிலவுடைமையைப் பற்றி எழுதினார்கள். அவர்களது ‘இந்தியாவில் நிலமும் உழைப்பும்’ என்ற நூலை விவசாய ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அமெரிக்காவின் நஷ்டம், நமக்கு லாபம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவைப் படித்தவரை விரட்டிய அதே பயம், சில ஆண்டுகளிலேயே இந்தியாவைப் படிக்கச் சொல்லிப் பணத்தையும் கொட்டியது. 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கா கலங்கிப்போனது. 1958இல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியல், கணிதத்தோடு ஆசிய மொழிகளுக்கும் நிதி ஒதுக்கியது. அதில் தமிழும் பயன்பெற்றது. அதே பெனிசில்வேனியாவிலும் சிகாகோ, பெர்க்கிலி போன்ற இடங்களிலும் தெற்காசியத் துறைகள் வளர்ந்தன. சிகாகோவுக்குப் போன ஏ.கே.ராமானுஜன் குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது இந்தச் சூழலில்தான். நம் ரேஷன் கடைகளில் அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமை வாங்கிச் சாப்பிட்ட தலைமுறைக்கு இன்னொரு செய்தி: பஞ்சத்தில் மூழ்கிய நாடுகள் சிவப்பாகிவிடக் கூடாது என்ற கணக்கும் சேர்ந்து வந்த அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த விலையின் ஒரு பகுதியைக் கொண்டுதான், 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இங்கே தேடிக் கிடைக்காத தமிழ் நூல் சிகாகோவில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதன் பின்னணி இது.

கறுப்பின மக்களுக்கும் அந்த அச்சம் ஓரிடத்தில் கைகொடுத்தது. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் 1952இல் அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தபோது, இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்பதையும் காரணமாகச் சொன்னது. மனிதரை மனிதராக நடத்துவதற்கு மாஸ்கோவின் வாய்க்குப் பயப்பட வேண்டியிருந்தது. வரவு வரவுதான், ஆனால், செலவுப் பக்கத்தை அது ஈடுகட்டாது.

1954இல் மெக்கார்த்தி ராணுவத்தோடு மோதினார். தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்த மக்கள் முகம் சுளித்தார்கள். டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற கணக்கில் அவரைக் கண்டித்தது. 1957இல் செத்துப்போனார். பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவோ 1975வரை உயிரோடு இருந்தது.

மெக்கார்த்தியின் வலதுகரமாக இருந்த இளம் வழக்கறிஞர் ராய் கோனும் ஓய்ந்துவிடவில்லை. நியூயார்க்கில் பெரிய வக்கீலானார். 1973இல் கறுப்பருக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பதாக ஒரு கட்டடத் தொழில் குடும்பத்தின் மீது அரசு வழக்குப் போட்டபோது அவர்களுக்காக வாதாடினார். அந்தக் குடும்பத்து மகன் டொனால்ட் ட்ரம்ப். தாக்கினால் திருப்பித் தாக்கு, எதையும் ஒப்புக்கொள்ளாதே என்ற பாடத்தை ட்ரம்ப் அவரிடம்தான் கற்றார். 2024 தேர்தலில் கமலா ஹாரிஸைத் ‘தோழர் கமலா’ என்று ட்ரம்ப் அழைத்ததும், 2025இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற ஸோஹ்ரான் மம்தானியைக் கம்யூனிஸ்ட் என்று வசைபாடியதும் அந்தப் பள்ளியின் பாடம்தான். மம்தானி கேட்டது வாடகை உயர்வுக்குத் தடை, இலவசப் பேருந்து, குழந்தைக் காப்பகம். உகாண்டாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான அவருடைய குடியுரிமையையே பறிக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சி எம்பி ஒருவர் கோரினார். நியூயார்க் மக்கள் நவம்பரில் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். பயம் முன்புபோல் எல்லோரிடமும் வேலை செய்வதில்லை, குறிப்பாக சோவியத் ஒன்றியம் மறைந்த பிறகு பிறந்தவர்களிடம்.

ஆனால், சட்டப் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறது. ட்ரூமனின் வீட்டோவை மீறி நிறைவேறிய 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியில், அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் இன்றும் கேட்கிறது: உலகில் எங்கேனும் கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்ததுண்டா? விண்ணப்பிப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் இருந்திருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, குடியுரிமை கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து மட்டும் நான்கு கம்யூனிஸ்ட் எம்பிக்கள் வென்றார்கள். நமக்கு அது சாதாரணம். கல்லூரி நாட்களில் கட்சி அட்டை வாங்கி, இப்போது நியூஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ அந்த விண்ணப்பத்தை நிரப்பும் தமிழர்கள் அந்தக் கேள்வியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது தெரியவந்தால், வாங்கிய குடியுரிமையைப் பின்னாளில் ரத்து செய்யவும் அந்த நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு.